நாற்பத்தொரு தடவை

அத்தியாயம் 6

முஸம்மிலுக்கு அன்று காலை ரிவர்ஸ்டன் மலைக்குப் போக ஒரு ஹயர், நல்ல வாடகைச் சவாரி, வந்திருந்தது. கொழும்பிலிருந்து வந்த புதுத் தம்பதி. மூடுபனியைப் பார்ப்பதற்குப் பணம் கொடுக்கும் பெருந்தன்மை படைத்தவர்கள். அந்தப் பாக்கியத்தைக் கைநழுவ விட்டுவிட்டு, அவனுடைய த்ரீவீல் யட்டவத்த பாதையின் குழிகளை ஒவ்வொன்றாக நலம் விசாரித்துக்கொண்டு போனது. காரணம் பின் சீற்றில் இருந்தது. வாகினி. அவள் மடியில் நூற்றிருபத்துநாலு பக்க அறிக்கை.

வாகினி முன்பு தொழில் வழக்குகள் பார்த்த சட்டத்தரணி. தொழில் நியாய சபையில் பதின்மூன்று வருஷம் தவணைத் திகதிகளைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், மாத்தளை நகரில் ஒரு ஹார்ட்வெயார் கடையின் மாடியில் 'தனியார் துப்பறிவாளர்' என்று பலகை மாட்டினாள். முஸம்மில் அவளுடைய சாரதி, உதவியாளன், தேநீர் வாங்கி வருபவன், தேவையில்லாத இடத்தில் கருத்துச் சொல்பவன். கடைசி வேலைக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் அதைத்தான் அவன் முழு மனதோடு செய்தான்.

"முஸம்மில், தொண்ணூத்தி நாலு வீதம்னா எவ்வளவு?"

"ஏ.எல். எக்ஸாம்ல எடுத்தா டொக்டர், மிஸ். மபாஸா ராத்தா எடுத்தா கள்ளி."

விஷயம் அவ்வளவுதான். நிலாஹேன ஸ்பைஸஸ் யட்டவத்தவில் ஏலக்காயும் கராம்பும் தரம் பிரித்து ஏற்றுமதி செய்யும் கம்பனி. மபாஸா, அக்கா முறையில் எல்லோரும் ராத்தா என்று கூப்பிடுபவள், அங்கே பத்தொன்பது வருஷமாகத் தரம் பிரிக்கிறாள். சில மாதங்களுக்கு முன் ஏலக்காய் மூட்டைகள் இளைக்கத் தொடங்கின. கம்பனி ஆட்களைக் கேட்டுப் பார்க்கவில்லை. கேட்பது பழைய முறையாம். 'ட்ரூஹேண்ட்' என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருளைச் சந்தா கட்டி வாங்கி, பெண்கள் வேலை செய்யும் மேசைகளுக்கு மேல் கமெராக்களைப் பூட்டியது. மென்பொருள் ஒரு மாதம் கண் கொட்டாமல் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னது: மபாஸா நாற்பத்தொரு தடவை கையை உடுப்புக்குள் கொண்டுபோயிருக்கிறாள்; திருடியிருக்கும் சாத்தியம் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு வீதம்.

அன்றைக்கே அவளை வாசலோடு நிறுத்தினார்கள். புகைப்படத்தை வீதக் கணக்கோடு தரம் பிரிக்கும் ஹோல் வாசலில் குத்தி வைத்தார்கள். அதே படத்தை வாசனைத் திரவிய வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுவுக்கும் போட்டுவிட்டார்கள். அவள் மாத்தளைச் சந்தைப் பக்கம் வேறு ஒரு கடையில் வேலை கேட்டுப் போனபோது, கடைக்காரர் வாயால் இல்லையென்று சொல்லவில்லை. ஃபோனைத் திருப்பிக் காட்டினார். கணவர் மௌத்தாகி ஆறு வருஷமாகத் தன் உழைப்பில் நின்றவளுக்கு அந்த ஒரு சின்னத் திரை போதுமாக இருந்தது.

இன்று பகல் இரண்டு மணிக்கு அவள் கம்பனிக்குப் போய், 'எடுத்தது நான்தான், நானாகவே விலகுகிறேன்' என்று கையெழுத்து வைக்க வேண்டும். வைக்காவிட்டால் பொலிஸ்.

"இந்த ரிப்போர்ட்ட எப்படி மிஸ் கறந்தீங்க?"

"தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம்னு தலைப்புப் போட்டு ஒரு கடிதம் எழுதினேன். ராத்தாவப் பத்தின தரவு எல்லாத்தையும் ராத்தாவுக்கே தாங்கன்னு."

"அந்தச் சட்டம் அமுலுக்கு வந்துட்டா?"

"எந்தப் பிரிவு எந்தத் திகதியில வருதுன்னு கண்டுபிடிக்கத் தனியா ஒரு துப்பறிவாளர் வேணும். ஆனா தலைப்பப் பார்த்ததும் மெனேஜர் பவித்ரன் உசாராகி, கதவுப் பதிவு உட்பட எல்லாத்தையும் பைண்ட் பண்ணி அனுப்பிட்டாரு. நம்மள மிரட்டுறதுக்கு."

"படம் இருக்கா?"

"ஒண்ணுமில்ல. நேரமும் வீதமும் மட்டும்தான். படங்கள ஒரு நாள்ல அழிச்சிடுவாங்களாம். தொழிலாளர்ட அந்தரங்கத்தப் பாதுகாக்கிறாங்களாம்."

முஸம்மில் அந்த அக்கறையை நினைத்து ஒரு குழியைக் கவனிக்கத் தவறினான். த்ரீவீல் துள்ளியது.

*

மபாஸாவின் வீடு மிளகுக் கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே, பாதையை விடச் சற்று உயரத்தில் இருந்தது. வாகினி முதலில் போய் உட்கார்ந்துவிட்டாள். முஸம்மில் வண்டியை நிறுத்திவிட்டு, ஸலாம் சொல்லிக்கொண்டே உள்ளே வந்தான். மபாஸா தோளில் கிடந்த சேலைத் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு, "வாங்க தம்பி, உக்காருங்க" என்றாள்.

அவன் கதிரையில் உட்காரக்கூட இல்லை.

"முஸம்மில், என்ட பேனை வண்டியில."

எடுத்து வந்தான். வாகினி வாங்கி வைத்துக்கொண்டாள். மபாஸா சொல்லிக்கொண்டிருந்தாள், எந்த ஏலக்காய் பச்சை, எந்த ஏலக்காய் வெளிறினது என்று தன் விரலுக்கு இருட்டிலும் தெரியும் என்று. அந்த விரலையா மெஷின் கள்ள விரல் என்று சொன்னது என்று கேட்டாள். முஸம்மில் ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தான்.

"முஸம்மில், கண்ணாடிக் கூடு."

போனான், வந்தான். அடுத்துத் தண்ணீர்ப் போத்தல். போனான், வந்தான். அடுத்து வண்டியை நிழலுக்குத் தள்ளிவிடச் சொன்னாள். வண்டி ஏற்கனவே நிழலில்தான் நின்றது. அவன் அதை வெயிலுக்குத் தள்ளிவிட்டுத் திரும்பி வந்தான், தன்மானம் என்று ஒன்று இருக்கிறதே.

"ஹோர்ன் வேலை செய்யுதான்னு ஒருக்காப் பாருங்க."

"மிஸ், மொத்தமா ஒரு லிஸ்ட் எழுதித் தாங்க. நான் ஒரே நடையில முடிச்சிடுறேன்."

"போயிட்டு வாங்க முஸம்மில்."

அவன் போய், ஊரே திரும்பிப் பார்க்கும்படி ஹோர்னை அடித்துவிட்டு வந்தான். உள்ளே கால் வைக்கும்போது ஒன்றைக் கவனித்தான். வாகினி அவனைப் பார்க்கவே இல்லை. அவள் கண் மபாஸாவின் மேல் இருந்தது. கையிலிருந்த பேனை அறிக்கையின் ஓரத்தில் ஒரு கோடு கீறியது. ஏற்கனவே அங்கே ஐந்து கோடுகள் இருந்தன.

பள்ளிவாசலில் பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். மபாஸா தொழுவதற்கு எழுந்து உள்ளே போனாள். வாகினி அவனை முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"நீங்க உள்ள வந்தது எத்தன தரம்?"

"ஆறு. எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன், ஓவர்டைம் கேக்க."

"ராத்தாட கை எத்தன தரம் சேலைக்குப் போச்சு?"

முஸம்மில் யோசித்தான். அவன் உம்மாவும் அப்படித்தான், மாமிமாரும் அப்படித்தான். ஆண் ஒருத்தர் நிலைக்கதவைத் தாண்டினால் கை தானாகப் போகும், சேலைத் தலைப்பு தலைக்கு ஏறும். முப்பத்தைந்து வருஷம் பார்த்த காட்சி. அதனாலேயே அவன் அதைப் பார்க்கவில்லை.

"யா அல்லாஹ்! முக்காடு!"

"மெல்லமா."

"மிஸ், அந்த மெஷின் முக்காட்டத்தான் களவுன்னு எண்ணியிருக்கு!"

"ராத்தா சொன்னாங்களே, ஹோல்ல வேலை செய்றது எல்லாம் பொம்பளைங்க. தூசிக்கும் புழுக்கத்துக்கும் தலைப்பு தோளுக்கு இறங்கிடும். ஆம்பளை யாராவது வந்தா ஏறும். இளம் பிள்ளைங்க ஹிஜாபப் பின் குத்தி வச்சிருக்காங்க, தொட வேண்டியதில்ல. மத்த சமயத்துப் பொம்பளைங்களுக்கு அந்தப் பழக்கமே இல்ல. முழு ஹோல்லயும் பழைய மாதிரி சேலையால முக்காடு போடுறது இவங்க ஒருத்தர்தான்."

"அப்ப கேஸ் முடிஞ்சுது. ரிவர்ஸ்டன் பார்ட்டிக்கு இப்பவே கோல் பண்ணலாமா?"

"கேஸ் இப்பத்தான் தொடங்குது." வாகினி அறிக்கையின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினாள். "ஹோலுக்கு ரெண்டு வழி. முன் கதவுல விரல் ரேகை மெஷின். அந்த மாசம் அதால ஆம்பளைங்க உள்ள வந்தது இருபத்தொம்பது தரம். தராசுக்காரர், கரண்ட் வேலைக்கு வந்தவர், இப்படி. இருபத்தொம்பது நேரமும் ராத்தாட கையோட அப்படியே பொருந்துது."

"மிச்சம் பன்னிரண்டு?"

"அதுதான். பன்னிரண்டும் பகல் சாப்பாட்டு நேரம். மத்தவங்க கென்டினுக்குப் போயிருவாங்க. ராத்தா மட்டும் ஹோல்லயே தொழுதுட்டு, நேரத்தோட மேசைக்கு வந்துருவாங்க. அப்ப ஒரு ஆம்பளை வந்திருக்கான், முன் கதவால வராம."

"ரெண்டாவது வழி?"

"ஒஃபிஸ் பக்கத்துச் சின்னக் கதவு. ஏலக்காய் ரூமுக்குப் பக்கத்துல திறக்குது. விரல் மெஷின் இல்ல, சாவி மட்டும். கமெராவும் அந்தப் பக்கம் திரும்பல்ல. முகாமைத்துவத்தின் அந்தரங்கம்னு போட்டிருக்கு."

முஸம்மில் அந்தச் சொல்லைக் கொஞ்ச நேரம் ரசித்தான். தொழிலாளியின் அந்தரங்கத்துக்காகப் படத்தை அழிக்கிறார்கள். முதலாளி பக்கத்தின் அந்தரங்கத்துக்காகப் படமே எடுப்பதில்லை. அந்தரங்கம் என்றால் நிலாஹேனவில் உயிரையே விடுவார்கள் போலிருந்தது.

"யாருன்னு ராத்தாகிட்டயே கேட்டுட்டா என்ன? தொழுதுட்டு வந்ததும்..."

"மூச்சு விடக்கூடாது. வீட்டுல நான் கேட்டா, நான் சொல்லிக்குடுத்ததுன்னுவாங்க. அந்தக் கேள்விய அவங்க கேட்டிருக்கணும், விசாரணையில. இன்னிக்கு ரெண்டு மணிக்கு அந்த விசாரணைய நடத்துவோம்."

*

நிலாஹேன ஸ்பைஸஸின் அலுவலகத்தில் குளிரூட்டி ஓடியது. பவித்ரன் அப்படியும் வியர்த்தான், கழுத்துப்பட்டி அவ்வளவு இறுக்கம். பதவி: தரவு மற்றும் மனிதவள முகாமையாளர். அவன் கையில் டெப்லெட் இருந்தது. மபாஸா வந்து உட்கார்ந்தபோது அவன் டெப்லெட்டில் அவளைப் பார்த்தான். நேரில் இருந்தவளைப் பார்க்கவில்லை.

ஹஸீப் ஹாஜியார் கடைசியாக வந்தார். கம்பனியின் முதலாளி. அறிக்கையில் சொன்ன மாதம் முழுக்க மக்காவில் உம்ரா யாத்திரையில் இருந்துவிட்டு முந்தாநாள்தான் ஊர் வந்திருந்தார். மபாஸா எழுந்து, தலைப்பை இன்னும் முன்னுக்கு இழுத்துவிட்டு ஸலாம் சொன்னாள். ஹாஜியார் பதில் சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் பேரீச்சம்பழத் தட்டை நடுவில் தள்ளினார். முஸம்மில் மரியாதைக்கு ஒன்று எடுத்தான். பிறகு மரியாதை கூடி இன்னும் இரண்டு எடுத்தான்.

பவித்ரன் கடிதத்தை மபாஸாவின் முன் வைத்தான். "இதுல ஒரு கையெழுத்து. எல்லாருக்கும் நேரம் மிச்சம்."

"ஒரு நிமிஷம்," என்றாள் வாகினி. "மிஸ்டர் பவித்ரன், நான் இந்த விஷயத்துல கொஞ்சம் மக்கு. இந்த மெஷின் பிழை விடாதா?"

பவித்ரனின் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்காகவே அவன் பிறந்திருக்க வேண்டும். "மனுஷன்தான் மெடம் பிழை விடுவான். மெஷினுக்குக் கோபமும் இல்ல, பாசமும் இல்ல."

"நேரம் பிசகாதா?"

"ஒரு செக்கன் பிசகாது. யாராலயும் மாத்தவும் ஏலாது."

"நீங்க ஹோலுக்குப் போய் நேர்ல பார்த்தீங்களா?"

"அவசியமே இல்ல. கமெரா பூட்டின நாள்லருந்து நான் ஹோல் பக்கம் காலே வைக்கல்ல. அதுதானே பக்கச்சார்பில்லாத முறை?"

"அடடா! இத எழுத்துல தர முடியுமா? நாளைக்கு யாராவது நீங்க தலையிட்டீங்கன்னு சொல்லிடக் கூடாது பாருங்க."

பவித்ரன் எழுதினான். எழுதியதற்குக் கீழே, ரூபா நோட்டில் இருக்கிற மாதிரி வளைத்து வளைத்து ஒரு கையெழுத்தும் போட்டான். முஸம்மில் பேரீச்சங் கொட்டையை வாயிலேயே வைத்துக்கொண்டு பார்த்திருந்தான். மிஸ் இவ்வளவு அடக்கமாக யாரிடமும் பேசி அவன் கண்டதில்லை. ஏதோ நடக்கப்போகிறது என்று புரிந்தது.

வாகினி அந்தத் தாளை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு ஹாஜியார் பக்கம் திரும்பினாள்.

"ஹாஜியார், நீங்க இப்ப இந்த ரூமுக்குள்ள வந்தப்போ மபாஸா ராத்தா என்ன செஞ்சாங்க?"

"ஸலாம் சொன்னாங்க."

"அதுக்கு முன்ன?"

"முன்ன... எழும்பினாங்க, முக்காட்ட இழுத்து..." ஹாஜியாரின் கை அவரை அறியாமலே தன் தொப்பிக்குப் போனது. அங்கேயே நின்றது.

"எத்தன வருஷமாப் பார்க்கிறீங்க?"

"பத்தொம்பது வருஷமா." அவர் குரல் இறங்கிவிட்டது. "நான் எப்ப ஹோலுக்குள்ள போனாலும்."

வாகினி நாற்பத்தொன்றையும் இருபத்தொன்பதையும் அவர் முன் விரித்து வைத்தாள். பவித்ரன் குறுக்கே ஏதோ அல்கோரிதம் என்று தொடங்கினான். ஹாஜியார் ஒரு விரலை உயர்த்தினார். அல்கோரிதம் நின்றது.

"மிச்சம் பன்னிரண்டு தரமும் பகல் சாப்பாட்டு நேரம்," என்றாள் வாகினி. "ராத்தா, அந்த நேரத்துல ஹோலுக்கு யாரு வருவாங்க?"

மபாஸா வியப்போடு பார்த்தாள். இது ஒரு கேள்வியா என்பது போல.

"மெனேஜர் சேர்தான். சின்னக் கதவால வருவாரு, ஏலக்காய் ரூமுக்குப் போவாரு. கறுப்பு பேக் ஒண்ணு கொண்டு வருவாரு. போகக்குள்ள, 'சாப்டாச்சா ராத்தா'ன்னு கேப்பாரு. நல்லாத்தான் பேசுவாரு."

ஹாஜியார் பவித்ரன் பக்கம் திரும்பினார்.

"பொய்!" பவித்ரன் எழுந்துவிட்டான். "சம்பளம் வாங்கிக்கிட்டு..."

"உக்காருங்க. அவங்க சொல்றது பொய்யா இருக்கலாம்," என்றாள் வாகினி, இன்னும் அதே அடக்கத்தோடு. "மனுஷங்கதானே, பிழை விடுவாங்க. ஆனா மெஷினும் அதையேதான் சொல்லுது. பன்னிரண்டு தரம், நீங்க எழுதித் தந்த மாதிரியே ஒரு செக்கன் பிசகாம. அந்தச் சின்னக் கதவுக்குச் சாவி எத்தன ஹாஜியார்?"

"ரெண்டு. ஒண்ணு இவர்கிட்ட. மத்தது என் சாவிக் கொத்துல." ஹாஜியார் இடுப்பைத் தட்டினார். கொத்து குலுங்கியது. "என்னோட மக்காவுக்கு வந்துட்டுத் திரும்பியிருக்கு."

அப்போதுதான் பவித்ரனுக்குச் சட்டம் ஞாபகம் வந்தது. முஸம்மில் தன் வாழ்நாளில் இவ்வளவு அழகான காட்சியைக் கண்டதில்லை. மேசையில் ஒரு அடி அடித்து, முகம் சிவந்து, பவித்ரன் கத்தினான்:

"நான் எங்க போறேன், எப்ப போறேன்னு எடுக்க உங்களுக்கு உரிமை இல்ல! அது என்ட தனிப்பட்ட தரவு! என்ட சம்மதம் இல்லாம பாவிக்க ஏலாது! இந்த நாட்டுல சட்டம் இருக்கு!"

"இருக்கு. ரொம்ப சந்தோஷம், நீங்களும் படிச்சிருக்கீங்க," என்றாள் வாகினி. அடக்கம் போய்விட்டது. "ஆனா இதுல உங்க தரவு ஒண்ணும் இல்லையே மிஸ்டர் பவித்ரன். உங்களத்தான் கமெரா எடுக்கவே இல்லையே, நீங்களே திருப்பி வச்சீங்க. இந்த நாப்பத்தொண்ணும் ராத்தாட கை. ராத்தா கேட்டு, நீங்க பைண்ட் பண்ணி அனுப்பின ராத்தாட தரவு. அத யாருக்குக் காட்டுறதுன்னு அவங்கதான் முடிவு எடுப்பாங்க."

முஸம்மில் கொட்டையைக் கையில் எடுத்தான். "பைண்டிங்கும் நல்லாத்தான் இருந்துச்சு சேர். கோல்ட் எழுத்தெல்லாம் போட்டு."

ஹாஜியார் காவலாளியைக் கூப்பிட்டார். பவித்ரனின் மேசைக்குக் கீழேயே அந்தக் கறுப்பு பேக் இருந்தது. ஸிப்பைத் திறந்தபோது அறை முழுக்க ஏலக்காய் மணத்தது. தரவுப் பகுப்பாய்வில் வாசனைக்கு இன்னும் ஒரு பத்தி ஒதுக்கவில்லை, அதுதான் குறை.

வாகினி ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு விரலை மடக்கினாள். மபாஸாவுக்கு எழுத்தில் மீள் நியமனம். நிறுத்தி வைத்த நாளுக்கும் சம்பளம். படம் போன அதே வாட்ஸ்அப் குழுவில், அதே அளவு எழுத்தில் மன்னிப்பு. இனி எந்த மெஷின் யார் மேல் விரல் நீட்டினாலும், அந்த ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்து விசாரிக்காமல் ஒரு நடவடிக்கையும் இல்லை.

"இதுக்கு ஒத்துக்காம நீங்க தொழில் நியாய சபைக்கு வந்தா, மெஷினக் கூண்டுல ஏத்திக் குறுக்கு விசாரணை செய்யணும்னு கேப்பேன்," என்றாள். ஹாஜியார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டி முடிந்ததும், முதல் தடவையாக மபாஸாவை நேராகப் பார்த்தார்.

"பத்தொம்பது வருஷம் மபாஸா. இவர் வந்து போறத எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"மெனேஜர் ஸ்டோருக்கு வாறது களவுன்னு எனக்கு எப்படித் தெரியும் ஹாஜியார்?" அவள் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் முஸம்மிலுக்குத் தாங்கவில்லை. "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்க மெஷின்கிட்டத்தானே கேட்டீங்க."

ஹாஜியார் பேரீச்சம்பழத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முஸம்மில் அந்தத் தட்டிலிருந்து நாலாவதை எடுக்க நீட்டிய கையைத் திரும்ப இழுத்துக்கொண்டான்.

வெளியே வரும்போது ஹோல் வாசலைத் தாண்ட வேண்டியிருந்தது. அறிவித்தல் பலகையில் மபாஸாவின் படம் இன்னும் இருந்தது, கீழே சிவப்பில் தொண்ணூற்று நாலு. காவலாளி எடுத்துத் தருகிறேன் என்று ஓடி வந்தான். அவள் வேண்டாம் என்று கையைக் காட்டினாள். குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, தாளைக் கிழிக்காமல் எடுத்தாள். நாலாக மடித்தாள். உள்ளே மேசைகளில் இருந்த பெண்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் யாரையும் பார்க்காமல், அந்த மடிப்பைச் சேலைக்குள் இடுப்பில் செருகிக்கொண்டு நிமிர்ந்து நடந்தாள்.

பலகைக்கு மேலே கமெராவின் சின்னப் பச்சை விளக்கு இன்னும் விழித்துக்கொண்டிருந்தது. முஸம்மில் அதைப் பார்த்து ஸலாம் வைத்தான்.

"நாப்பத்தி ரெண்டு, மிஸ்," என்றான். "இந்தத் தரம் உண்மையாவே எடுத்துட்டாங்க."